வாய் திறந்த படம்

முதல் ரோலில் பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டிலும் வாய் மூடியிருந்தது.

சந்திரிகா அவற்றை ஸ்டூடியோ மேசையில் வரிசையாக வைத்தாள். பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பிப்பவள், முப்பது வயது. ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

"அக்கா, இவங்க பேசுறதைத்தானே எடுக்கச் சொன்னேன்?"

"முகம் எல்லாம் நல்லா வந்திருக்கே," என்றாள் கனகேஸ்வரி.

"முகம் நல்லாதான் இருக்கு. வாய் எங்க?"

கனகேஸ்வரி அப்போதுதான் கவனித்தாள். ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமட் சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறாள். யார் வந்து உட்கார்ந்தாலும் மூன்று சொல்வாள். தாடையை இறக்குங்க. இங்க பாருங்க. பேசாம இருங்க. சொல்வது அவளுக்கே தெரியாது. சுங்கை பாக்காப்புக்குப் போய், ஒரு மொழியை இன்னும் பேசுகிற கடைசி ஆட்களை உட்கார வைத்து, அவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அவர்களும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அவளுடைய அண்ணன் குலசேகரம் கடையின் முன்பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற அரசாங்கக் குமாஸ்தா. வீட்டில் இருந்தால் மனைவி வேலை சொல்வாள் என்று காலையிலேயே இங்கே வந்துவிடுவார்.

"நல்ல படம்தான்," என்றார் தலையைத் தூக்காமல். "மொழி செத்துப் போச்சுன்னு பாத்ததும் தெரியுது."

சந்திரிகா படங்களைச் சேர்த்து அடுக்கினாள். "அடுத்த சனிக்கிழமை கண்காட்சி. அழைப்பிதழ் அடிச்சாச்சு. 'கடைசி ஐந்து பேர்'னு போட்டிருக்கு. நாளைக்கே மறுபடியும் போறோம்."

"நாளைக்கு எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு."

"கல்யாணம் அடுத்த வாரமும் வரும்."

அந்த மொழிக்குப் பெயர் இல்லை. பேசுகிறவர்கள் வீட்டுப் பேச்சு என்பார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு அது புரியாது. அறுபது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு மலையடிவாரத்திலிருந்து முப்பது குடும்பங்களைச் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ஏற்றி வந்தார்கள். வந்தவர்கள் வெளியில் தமிழ் பேசினார்கள், வீட்டுக்குள் இதைப் பேசினார்கள். பிள்ளைகள் பிறை நகரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு வீட்டுக்குள்ளும் தமிழ்தான். மலையடிவாரத்தில் தங்கிவிட்டவர்களும் மாறிவிட்டார்கள் என்று சந்திரிகா கடிதம் எழுதித் தெரிந்துகொண்டிருந்தாள். ஐந்து பேர் மிச்சம் என்பது அவள் கணக்கு. அதில் நான்கு பேரைத்தான் கனகேஸ்வரி எடுத்திருந்தாள். ஐந்தாவது ஆள் அன்று வீட்டில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்திரிகாவின் காரில் போனார்கள். தீவையும் கரையையும் சேர்க்கும் பாலம் திறந்து ஒரு வருடம் ஆகவில்லை. சந்திரிகா அதன் மேல் வேகமாக ஓட்டினாள். கனகேஸ்வரி கேமராப் பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டாள். கல்யாண வீட்டுக்கு வேறு ஆளை அனுப்பியிருந்தாள். அவன் படத்தில் தலைகளை வெட்டி எடுப்பவன்.

பிச்சைமுத்துவுக்கு எழுபத்திரண்டு வயது. பல்செட் போட்டால்தான் படத்துக்கு உட்காருவார். பல்செட் போட்டால் அவருக்கு எந்த மொழியும் வராது.

"கழட்டிட்டுப் பேசுங்க ஐயா," என்றாள் சந்திரிகா.

"கழட்டினா அசிங்கமா இருக்கும்."

"பரவால்ல."

"உனக்குப் பரவால்ல. செவுத்துல தொங்கப் போறது நானு."

பல்லோடு மூன்று, பல்லைக் கையில் பிடித்தபடி ஒன்று. அந்த ஒன்றில் அவர் திறந்த வாயோடு சந்திரிகாவை முறைத்தார்.

ஜெயலெட்சுமிக்குக் காது கேட்காது. படம் என்றதும் பட்டுச்சேலை கட்டி வந்து உட்கார்ந்தார். செத்த பிறகு மாட்டுவதற்கான படம் என்று மருமகள் சொல்லி வைத்திருந்தாள். அதைத் திருத்த யாராலும் முடியவில்லை. பேசச் சொல்லிச் சைகை காட்டினால், சாமி கும்பிடுவதைப்போல் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். எட்டுப் படம். எட்டிலும் கண் மூடியிருந்தது.

பிச்சைமுத்துவின் மனைவி மீனாட்சி மட்டும்தான் சொன்னதைச் செய்தார். கேமராவைப் பார்த்து வாயை அகலத் திறந்து, கையை வீசி, கழுத்து நரம்பு தெரியப் பேசினார். கனகேஸ்வரி ஒரு ரோல் முழுவதையும் அவருக்கே செலவழித்தாள். சந்திரிகா டேப் ரிக்கார்டரைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

தோட்டத்து வரிசை வீடுகளில் அடுத்த லயத்துக்குப் போவதற்கு முன் காருக்குள் உட்கார்ந்து அந்த டேப்பைப் போட்டுக் கேட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, இந்தம்மா நாலு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுது."

"என்ன வார்த்தை?"

"நாலும் கெட்ட வார்த்தை."

திரும்பிப் போய் விசாரித்தார்கள். மீனாட்சி பக்கத்து லயத்துத் தமிழ்ப் பெண். வீட்டுப் பேச்சு பேசுகிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷனிடமிருந்து ஐம்பது வருடத்தில் அந்த நாலுதான் கற்றுக்கொண்டார்.

"அவரு வேற எதும் சொன்னதில்ல," என்றார் மீனாட்சி. "நீங்க பேசுன்னீங்க. தெரிஞ்சதைப் பேசினேன். படம் எடுக்க மாட்டீங்களா இனிமே?"

"அப்ப நாலு பேரு," என்றாள் கனகேஸ்வரி காரில் ஏறிக்கொண்டே.

"அழைப்பிதழ்ல அஞ்சு," என்றாள் சந்திரிகா.

ஐந்தாவது ஆள் பக்கிரிசாமி. லயத்துக் குழாயடியில் ஒரு வெள்ளைச் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்து நிமிர்ந்தார்.

"செலாமாட் பெத்தாங்," என்றார். மலாயில் மாலை வணக்கம்.

"வணக்கம் ஐயா. போன வாரம் வந்தோம், நீங்க இல்ல. வீட்டுப் பேச்சு பேசுறவங்களைப் படம் எடுக்கிறோம்," என்றாள் சந்திரிகா.

"தெரியும். வியாழக்கிழமை வரைக்கும் நான் அதைப் பேச மாட்டேன்மா."

சட்டையைப் பிழிந்து உதறிக் கம்பியில் போட்டுவிட்டுத்தான் மீதியைச் சொன்னார்.

அவருக்கு அறுபத்தோரு வயது. இரண்டு வயதில் கப்பலில் வந்தவர். மறுவருடம் அவர் தங்கை நல்லமுத்து இங்கே பிறந்தாள். அதனால் அவளுக்கு நீல ஐசி, குடிமக்களுக்கான அடையாள அட்டை. அவருக்குச் சிவப்பு. ஒரே அப்பா, ஒரே அம்மா, அவள் குடிமகள், அவர் இல்லை. நாற்பத்தைந்து வருடம் இதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. இப்போது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசியில் லயங்களை இடிக்கிறார்கள். வேலை செய்தவர்களுக்கு மலிவு விலை வீடு உண்டு. சிவப்பு ஐசி வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. அவர் குடியுரிமைக்கு எழுதிப் போட்டு நாலு வருடம் ஆகிறது. மலாய் நேர்முகத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். மூன்றாவது நேர்முகம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஜார்ஜ் டவுனில். வீட்டுப் பட்டியலை வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள். அதற்குள் தேறிய சீட்டைக் காட்டினால் பெயரைச் சேர்ப்பதாகத் தோட்ட ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்களுக்கு மலாய் நல்லாத்தானே வருது," என்றாள் கனகேஸ்வரி.

"நல்லா வரும். எண்ணிக்கையிலதான் மாட்டிக்குவேன்." விரல்களை விரித்துக் காட்டினார். "நாப்பத்தஞ்சு வருஷம் மரத்தை எண்ணியிருக்கேன். அதை வீட்டுப் பேச்சுலதான் எண்ணுவேன். அந்த ஆபீசர், எத்தனை வருஷமா இங்க இருக்கேன்னு கேட்டாரு. மனசுல எண்ணினேன். எண்ணினது அப்படியே வாயில வந்திருச்சு. அவரு பேனாவை வச்சிட்டாரு. இது எந்த நாட்டுப் பாசைன்னு கேட்டாரு. அடுத்த தடவையும் அதே கதை. வீட்டு நம்பர் கேட்டாரு, போச்சு."

"அதுக்காகப் பேசாமயே இருக்கீங்களா?"

"மூணு மாசமா. தங்கச்சிகிட்டகூட மலாய்தான். இப்ப மனசுல எண்ணினாலும் சாத்து, டுவா, தீகான்னு வருது. அதைக் கெடுத்துக்க மாட்டேன்."

சந்திரிகா ஒரு அடி முன்னால் வந்தாள். "ஒரே ஒரு வரி ஐயா. அஞ்சு நிமிஷம்."

"வியாழக்கிழமை மத்தியானம் வாங்க. அஞ்சு மணி நேரம் பேசுறேன்."

"படத்தைப் புதன்கிழமை பெரிசாக்கணும். அட்டையில ஒட்டிக் காயணும்."

"அப்ப நான் இல்லாம மாட்டிக்குங்க."

"ஐயா, இந்த மொழி அழியப் போவுது."

"அது மெதுவா அழியட்டும்மா. லயம் மாசக் கடைசியில அழியுது."

பக்கிரிசாமி கனகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். நேர்முகத்துக்குப் புதிய கார்டுப் படம் நாலு வேண்டும். பழையது ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவளுடைய ஸ்டூடியோவுக்கே வரட்டுமா?

"வாங்க."

"அங்க பேசச் சொல்ல மாட்டீங்களே?"

"கார்டுப் படத்துக்கு யாரும் பேசக் கூடாது."

அவர் தலையாட்டினார். இந்த ஒரு பேச்சுதான் அன்றைக்கு அவருக்குப் பிடித்தது என்று தோன்றியது.

திரும்பும் வழியில் பிறை அடுக்குமாடியில் நல்லமுத்துவைப் பார்த்தார்கள். மகன் வீட்டில் இருந்தாள். வீட்டுப் பேச்சில் அவளைப்போல் பேச அவள் அண்ணனைத் தவிர யாரும் இல்லை. கேமரா முன் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை.

"யாருகிட்ட பேசுறது?" என்றாள் தமிழில்.

"என்கிட்ட பேசுங்க லா," என்றாள் சந்திரிகா.

"உனக்கு முழுசாப் புரியாது. புரியாதவங்ககிட்ட பேசினா அது ஒளர்றது. எங்கண்ணனை வரச் சொல்லுங்க, பேசுறேன். ஆனா அவரு இப்ப டத்தோ, பட்டம் வாங்கின பெரிய மனுசன். மலாய்லதான் பேசுவாரு. பஸ் ஏறிப் பாக்கப் போனேன். செலாமாட் பாகின்னாரு. அடுத்த பஸ்ல திரும்பி வந்துட்டேன்."

திங்கட்கிழமை மத்தியானம் சந்திரிகா போன் செய்தாள்.

"அக்கா, பக்கிரிசாமி ஐயா நாளைக்கு எத்தனை மணிக்கு வராரு?"

"பதினொண்ணு. எதுக்கு?"

"நல்லமுத்தம்மாவையும் கூட்டிட்டு வரேன்."

"வேணாம் சந்திரிகா."

"அண்ணன் தங்கச்சி. பாத்துக்கட்டுமே."

"அவருக்கு வியாழக்கிழமை இருக்கு."

"ஒரு நாள் தாய்மொழி பேசினா மலாய் மறந்துருமா? அது அவரோட பயம்க்கா. மூடநம்பிக்கை. நீங்க ரெண்டாவது கேமராவுல ஃபிலிம் போட்டு வச்சிருங்க."

போனை வைத்த பிறகு கனகேஸ்வரி சிறிது நேரம் அதன் பக்கத்திலேயே நின்றாள். திருப்பிக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லலாம். சொல்லவில்லை. இழுப்பறையில் அந்தப் பன்னிரண்டு மூடிய வாய்கள் இருந்தன. அவள் இரண்டாவது கேமராவை எடுத்து ஃபிலிம் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பக்கிரிசாமி அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. எண்ணெய் வைத்துச் சீவிய தலை. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறும்போது வேர்த்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் நிழலில் நின்று வந்தாராம். குலசேகரம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவரைச் சோதித்தார்.

"நாட்டுப் பூ?"

"புங்கா ராயா." செம்பருத்தி.

"எத்தனை இதழ்?"

பக்கிரிசாமியின் உதடு அசைந்தது. நின்றது. "லீமா," என்றார்.

"அஞ்சு. சரி. ஆபீசர் கோவமாப் பேசினா?"

"பேசாம இருப்பேன்."

"அப்படியே கவர்மெண்டு வேலைக்கும் எழுதிப் போடுங்க. எல்லாத் தகுதியும் இருக்கு."

கனகேஸ்வரி நீலத் துணிக்கு முன்னால் அவரை முக்காலியில் உட்கார வைத்தாள். தாடையை இறக்குங்க. இங்க பாருங்க. மூன்றாவதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு முறை அழுத்தினாள். கார்டுப் படம் முடிந்தது. அவர் எழுந்திருக்கும்போது கதவு திறந்தது. நல்லமுத்து வந்தாள். பின்னால் டேப் ரிக்கார்டரோடு சந்திரிகா.

நல்லமுத்து வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். வீட்டுப் பேச்சு. கனகேஸ்வரிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வேகமாக, மேலும் கீழுமாகப் போகிற பேச்சு. மூன்று மாதம் அடைத்து வைத்தது என்று தெரிந்தது.

"செலாமாட் பாகி, அடிக்," என்றார் பக்கிரிசாமி. வணக்கம், தங்கச்சி.

நல்லமுத்து கனகேஸ்வரியைப் பார்த்தாள். "பாத்தீங்களா? டத்தோ."

மறுபடியும் வீட்டுப் பேச்சுக்குப் போனாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். "ஹாரி காமிஸ்," என்றார். வியாழக்கிழமை. அவள் இன்னும் ஏதோ கேட்டாள். "ஹாரி காமிஸ்." கையை நீட்டி எதையோ காட்டினாள். "ஹாரி காமிஸ்."

"போதும் சந்திரிகா. அவங்களைக் கூட்டிட்டுப் போ," என்றாள் கனகேஸ்வரி. அவள் கை அதற்குள் இரண்டாவது கேமராவில் இருந்தது.

நல்லமுத்து பேச்சை நிறுத்தினாள். அண்ணனுக்குப் பக்கத்தில் போனாள். தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

பக்கிரிசாமி எழுந்தார். முக்காலி சாய்ந்து விழுந்தது. வீட்டுப் பேச்சில் கத்தினார். நெஞ்சிலிருந்து வந்த கத்தல், தோட்டத்தில் மலையின் அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. ஒரு கை தங்கையின் முகத்துக்கு முன்னால் விரிந்து நின்றது. கனகேஸ்வரி அழுத்தினாள். ஃபிலிமைச் சுற்றினாள். அழுத்தினாள். சுற்றினாள். அழுத்தினாள்.

பிறகு டேப் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. சந்திரிகாவின் கண்கள் நிறைந்திருந்தன. சந்தோஷம்.

பக்கிரிசாமி முக்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். உட்கார்ந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். உதடு அசைந்தது. மூன்றாவது விரலில் நின்றார்.

"போச்சு," என்றார் தமிழில். "அதுதான் வருது."

"ஐயா, அப்படியெல்லாம் ஆகாது," என்றாள் சந்திரிகா.

"நீ வந்து எண்ணுவியா எனக்கு?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கனகேஸ்வரிக்குத் தோன்றியது. கார்டுப் படத்தைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். நல்லமுத்துவும் பின்னால் போனாள், இரண்டு கடை தள்ளி.

"நான் வேணாம்னு சொன்னேன்," என்றாள் கனகேஸ்வரி.

"சொன்னீங்க," என்றாள் சந்திரிகா. "பொத்தானை யாருக்கா அழுத்தினது?"

புதன்கிழமை இருட்டறையில் கனகேஸ்வரி அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். மூன்றில் நடுப்படம். தட்டில் கிடந்த தாளில் முதலில் விரிந்த கை வந்தது, பிறகு வாய், கடைசியில் கண். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு படம் அவள் எடுத்ததில்லை. கிளிப்பில் மாட்டிக் காயவிட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு எட்டரைக்குப் படகுத்துறைக்குப் போனாள். பக்கிரிசாமி ஃபெரியிலிருந்து இறங்கி வந்தார். அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. இருவரும் ஆபீசுக்கு நடந்தார்கள். அவர் விளக்குக் கம்பங்களை மலாயில் எண்ணிக்கொண்டே வந்தார். சில இடங்களில் நின்றார், பின்னால் போய் முதலிலிருந்து எண்ணினார். இரண்டாவது முறை அவர் திரும்பிப் போனபோது கனகேஸ்வரி வெயிலில் நின்று காத்திருந்தாள். அவசரப்படுத்த அவளுக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

தாழ்வாரத்து நாற்காலியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. பக்கிரிசாமி ஒரு சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"லூலூஸ்," என்றார். தேறிவிட்டார்.

"எத்தனைன்னு எதும் கேக்கலையா?"

"கேட்டாரு. எத்தனை பிள்ளைங்கன்னாரு. தாக் அடான்னேன். இல்லைன்னு. வீட்ல கூட இருக்கறவங்க எத்தனை பேருன்னாரு. தாக் அடா. அந்தத் தாக் அடாவுலேயே போயிருச்சு எல்லாம்." முகத்தைத் துடைத்தார். "கடைசியில வீட்ல என்ன பாசை பேசுவேன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"தாக் அடா."

கனகேஸ்வரி அவரைப் பார்த்தாள்.

"எழுதிக்கிட்டாரு. கையெழுத்துப் போடச் சொன்னாரு. போட்டுட்டேன்."

படகுத்துறைக்குத் திரும்பும்போது அவர் எதையும் எண்ணவில்லை. கிட்டத்தட்ட துறை வந்த பிறகு பேசினார்.

"அம்மா, அந்தப் படம் வேணாம்."

"ஐயா, அது..."

"சத்தியப் பிரமாணத்துக்கு இன்னும் கூப்பிடணும். ரெண்டு மாசமோ மூணு மாசமோ. வீட்ல பேச்சே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நீங்க ஊர் நடுவுல என் மூஞ்சியை மாட்டி, இவன் இந்தப் பாசை பேசுறான்னு கீழ எழுதினா நான் பொய் சொன்னவன். நீல ஐசி போச்சு. வீடும் போச்சு."

"டேப்புல உங்க குரல் இருக்கே."

"குரலுக்கு மூஞ்சி இல்லைல."

அவர் ஃபெரியில் ஏறினார். அன்றே தோட்ட ஆபீசுக்குப் போய்ப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டார் என்று சாயங்காலம் போனில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சந்திரிகா படங்களை எடுத்துப்போக வந்தாள். பிச்சைமுத்து பல்லைக் கையில் பிடித்திருந்தார். ஜெயலெட்சுமி கண்ணை மூடியிருந்தார். நல்லமுத்து செவ்வாய்க்கிழமைப் படத்தில், அண்ணனை வெட்டி எடுத்த பிறகு, வாய் பாதி திறந்தபடி யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கிரிசாமி ஐயா?"

"ஃபிலிம் கெட்டுப் போச்சு," என்றாள் கனகேஸ்வரி.

சந்திரிகா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நல்லமுத்தம்மா வந்திருக்காங்களே. அதே ரோல்தானே?"

"அவங்க பக்கம் வந்திருக்கு. அவரு பக்கம் கெட்டுப் போச்சு."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ஃபிலிம் கெட்டதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இப்ப கெட்டிருச்சு."

குலசேகரம் பேப்பரை இறக்கினார். தங்கையைப் பார்த்தார். "ஃபிலிம் கழுவுற மருந்து பழசு," என்றார் சந்திரிகாவிடம். "மாத்துன்னு போன மாசமே சொன்னேன். இவ எங்க கேக்கறா."

சந்திரிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்றீங்க."

"ஆமா," என்றாள் கனகேஸ்வரி. "என்ன பண்ணப் போற?"

காரணத்தைச் சொன்னாள். சந்திரிகா உட்கார்ந்து கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். அந்தப் படம் பத்து வருடம் கழித்து எத்தனை பேருக்குப் பயன்படும் தெரியுமா என்றாள். தெரியாது என்றாள் கனகேஸ்வரி. ஒருத்தருக்கு வீடு போகும் என்பது தெரியும்.

"அப்ப அஞ்சாவது யாரு?" என்றாள் சந்திரிகா கடைசியில். "ஐநூறு அழைப்பிதழ் போயிருச்சு."

சந்திரிகா மேசை மேலிருந்த கட்டைப் புரட்டினாள். ஒரு படத்தில் கை நின்றது.

சனிக்கிழமை கண்காட்சி. மண்டபத்தில் மின்விசிறி ஓடியும் புழுக்கமாக இருந்தது. ஐந்து படங்கள். 'கடைசி ஐந்து பேர்' என்று மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வந்தவர்கள் பிச்சைமுத்துவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜெயலெட்சுமிக்கு முன்னால் கொஞ்சம் நின்றார்கள். ஐந்தாவது படத்துக்கு முன்னால் கூட்டம் கூடியது. மீனாட்சி வாயை அகலத் திறந்து, கையை வீசி, கழுத்து நரம்பு தெரியப் பேசிக்கொண்டிருந்தார். இதல்லவா மொழி என்றார் ஒரு பெரியவர். பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"இந்த அம்மா என்ன சொல்றாங்க?" என்று சந்திரிகாவைக் கேட்டார்.

சந்திரிகா கனகேஸ்வரியின் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "வந்தவங்களை வாழ்த்துறாங்க."

கனகேஸ்வரி அதற்கு மேல் அங்கே இருக்கவில்லை. கடையைத் திறந்து, மருந்துத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். தட்டுகள் சுத்தமாகத்தான் இருந்தன.

திங்கட்கிழமை நல்லமுத்து வந்தாள். பிறையிலிருந்து பஸ், பிறகு ஃபெரி. உட்காராமலே கேட்டாள்.

"எங்கண்ணன் கத்தின படம் கெட்டுப் போகலையாமே. அந்தக் குமாஸ்தா ஐயா போன்ல சொன்னாரு."

கனகேஸ்வரி அண்ணனைப் பார்த்தாள். குலசேகரம் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அதை வெளிய காட்டக் கூடாதும்மா."

"யாருக்குக் காட்டப் போறேன். நான் பாக்கறதுக்கு."

"இப்ப உங்ககிட்ட வீட்டுப் பேச்சு பேசுறாரா?"

"சத்தியம் எடுத்தப்புறம்னு சொல்லிட்டாரு. அதுவரைக்கும் செலாமாட் பாகிதான். இன்னும் மூணு மாசமாம்." உதட்டைச் சுழித்தாள். "அதுவரைக்கும் இது இருக்கட்டும்."

கனகேஸ்வரி இருட்டறைக்குள் போய் அதை எடுத்து வந்தாள். நல்லமுத்து படத்தை வெளிச்சத்தில் பிடித்து நிறைய நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் அழுகை எதுவும் இல்லை. சண்டையில் அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிப்பவளைப்போல இருந்தாள்.

"அன்னைக்கு அவருகிட்ட மெதுவா ஒண்ணு சொன்னீங்களே. என்னது அது?"

"நீ செத்தா உனக்கு மலாய்லதான் ஒப்பாரி வைப்பேன்னேன்."

குலசேகரத்தின் பேப்பர் அசைந்தது.

"அதுக்குத்தான் அந்தக் கத்தலா? என்ன சொன்னாரு?"

நல்லமுத்து படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாகறதுக்கு முதல்ல ஒரு வீடு வேணும் புள்ளன்னாரு."

கனகேஸ்வரி படத்தை வாங்கி மேசையில் வைத்தாள். பழுப்புத் தாளை விரித்துச் சுற்ற ஆரம்பித்தாள். பெரிய படம். பஸ்ஸில் கொண்டு போக இரண்டாக வளைக்க வேண்டியிருந்தது.

"பாத்து," என்றாள் நல்லமுத்து. "வாய்கிட்ட மடிச்சிராதீங்க."